முதல் நாளுக்கு அடுத்த வாரம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் மருத்துவ உளவியலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனநலம் பற்றிப் பேச ஒருவரைக் கூப்பிட்டால், "மனம் சரியில்லை என்றால் தயங்காமல் போய்ப் பாருங்கள்" என்று அவர் வேண்டிக்கொள்வார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதைச் சொல்ல இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். சொல்லட்டும், நல்லதுதான். நான் பேச வந்திருப்பது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. ஒருவர் தயக்கத்தை விட்டுப் போய்விட்டார். உளவியலாளர் முன்னால் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். "அடுத்த வாரம் இதே நாள் வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் போகவில்லை. ஏன் போகவில்லை?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பில் வேலை பார்த்தவர் மோஷே டால்மன் என்ற உளவியலாளர். பேச்சு சிகிச்சைக்கு வருகிறவர்கள் எத்தனை முறை வருகிறார்கள் என்று அவர் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, மற்ற எல்லா எண்களையும் விட அதிகம் தென்பட்டது ஒன்று என்ற எண். அப்படி ஒரே முறை வந்து நின்றுபோனவர்களை அவர் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார். பெரும்பாலோர், அந்த ஒரு முறையிலேயே தங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றார்கள். 1990இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆகவே ஒரு முறை வந்து போனவர்கள் எல்லோரும் ஏமாந்து போனவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கத்தில் திரும்பி வராதவர்களை நினைக்கும்போது எனக்கு வேறொரு காரணம் பெரிதாகத் தெரிகிறது. அவர்கள் நினைத்துப் போனது ஒன்று, அங்கே நடந்தது வேறு. என்ன நடக்கும் என்று யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலத் தொல்லை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சையே பெறாமல் இருக்கிறார்கள். எந்த நோய் என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறுகிறது. கதவு வரைக்கும் வந்து சேர்கிறவர்களே இவ்வளவு குறைவு. அப்படி வந்த ஒருவரையும் நாம் முதல் நாளோடு இழக்கிறோம் என்றால் அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். அதனால்தான் இந்த ஒரு மணி நேரத்தையும் அதற்கே கொடுக்கிறேன்.

என்னிடம் வந்த யாருடைய கதையையும் இங்கே சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. நாம் ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். இருபத்தெட்டு வயது இளைஞர். பி.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் 2, குரூப் 4 என்று அரசுப் பணித் தேர்வுகளுக்குச் சில வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறார். போன முறை கட்-ஆஃப் கொஞ்சத்தில் தவறிப்போனது. இப்போது விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் கண் நிற்கிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். "என்னப்பா, வேலை கிடைச்சுதா?" என்ற கேள்விக்குப் பயந்து தெருவிலும் நடப்பதில்லை. நெஞ்சு அடைக்கிறது என்று இதய மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசியில் சித்தப்பா அழைத்துக்கொண்டு வருகிறார்.

உட்கார்ந்ததும் சித்தப்பாதான் பேசுவார். "நல்ல பையன் மேடம். கொஞ்ச நாளா இப்படி இருக்கான். நீங்க நாலு புத்தி சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பான்." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனதில் ஓடுவது: "இன்னும் ஒருத்தர் புத்தி சொல்லப் போறாங்க."

அங்கே முதலில் நடப்பது, சித்தப்பாவை வெளியே உட்காரச் சொல்வது. "நீங்க சொன்னது உதவியா இருக்குங்க. தம்பிகிட்ட கொஞ்ச நேரம் தனியா பேசிட்டு உங்களைக் கூப்பிடுறேன்" என்பார் உளவியலாளர். நம் குடும்பங்களில் பலருக்கு இது மனம் கோணுகிற இடம். கூட வந்தவரை அவமதிப்பதாக நினைக்காதீர்கள். அவர் தரும் தகவல் தேவைதான். பிறகு கேட்டு வாங்கிக்கொள்வோம். ஆனால் வளர்த்தவர் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் "எனக்குப் படிக்கவே பிடிக்கலை" என்று சொல்லாது.

அடுத்து, ரகசியம் காப்பது பற்றிச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அவருக்குக் கொடுக்கிறது. சித்தப்பா வெளியே பிடித்து நிறுத்தி "என்ன சொன்னான்?" என்று கேட்டால், "அதைத் தம்பிகிட்டயே கேளுங்க" என்றுதான் பதில் வரும். இதற்கு விலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அதைத் தடுக்க வேண்டியவர்களிடம் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். நீதிமன்றம் உத்தரவிட்டாலும் கொடுக்க வேண்டிவரும். இந்த எல்லைகளை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்கிற உளவியலாளரை நம்பலாம். "எதுவானாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்கிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

பிறகு கேள்விகள் தொடங்கும். இங்கேதான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, எப்போது ஆரம்பித்தது, வீட்டில் யார் யார், சிறுவயதில் என்ன நடந்தது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, குடிப் பழக்கம் உண்டா, தைராய்டு பார்த்தீர்களா. தைராய்டு எதற்கு என்று கேட்பார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் வரும் சோர்வும் மந்தமும் மனச்சோர்வைப் போலவே இருக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்து வரச் சொல்வதுண்டு. ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை குறிக்க வேண்டும், மொத்தம் 27. இது பரீட்சை மதிப்பெண் கிடையாது. எட்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கான அளவு.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். தாளில் இல்லாவிட்டாலும் உளவியலாளர் வாய்விட்டே கேட்பார்: "செத்துப் போயிடலாம்னு தோணுச்சா?" கேட்டால் அந்த எண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கேட்கப்படுவது பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைப்பவர்களும் உண்டு. தற்கொலை எண்ணம் குற்றமே கிடையாது. முயன்றவரைக்கூட, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தயவுசெய்து இந்தக் கேள்விக்கு மட்டும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.

மற்றதையெல்லாம் மெதுவாகச் சொல்லலாம். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. "இதைப் பத்தி இப்ப பேச வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தாலும் பரவாயில்லை. "தலை பாரமா இருக்கு", "வயித்துல என்னமோ பண்ணுது", "உடம்பெல்லாம் எரியுது" என்று உடம்பின் வழியாகத்தான் நம் மக்கள் துயரத்தைச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்தான் நல்ல உளவியலாளர். டிப்ரஷன், ஆங்ஸைட்டி என்ற வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டாம். அழுகை வந்தால் அழலாம். அங்கே அது அன்றாடம் நடப்பது. யாரும் பதறி "அழாதீங்க" என்று அடக்க மாட்டார்கள்.

நேரம் முடிந்துவிடுகிறது. தம்பி வெளியே வருகிறார். சித்தப்பா கேட்கிறார்: "என்ன சொன்னாங்க?" தம்பி சொல்கிறார்: "ஒண்ணும் சொல்லலை. கேட்டுக்கிட்டே இருந்தாங்க." பஸ்ஸில் போகும்போது இருவருக்கும் ஒரே எண்ணம், இதற்கு எதற்கு மறுபடியும் வர வேண்டும் என்று.

அறிவுரைக்குப் பழகிய மக்கள் நாம். ஊர்ப் பெரியவர், வாத்தியார், சாமியார், ஜோசியர் என்று யாரிடம் போனாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்புவார்கள். இந்த எதிர்பார்ப்பை அறியாமை என்று நான் ஒதுக்கவில்லை. மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேகி 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். மேற்கில் வளர்ந்த சிகிச்சை முறையில் உளவியலாளர் ஒதுங்கி நின்று கேட்பவர்; இந்தியாவில் உதவி தேடி வருகிறவரோ வழிகாட்டும் ஒருவரைத் தேடி வருகிறார்; ஆகவே இங்கே குரு-சிஷ்ய உறவை ஒரு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று அதில் அவர் யோசித்தார். அவர் பார்த்ததில் உண்மை இருக்கிறது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் முதல் நாளே வெறுங்கையோடு அனுப்புகிற உளவியலாளரை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். "உங்களுக்கு நடப்பது இது என்று நினைக்கிறேன், இது சரியாகக்கூடியது, நாம் இப்படித் தொடங்கலாம்" என்ற மூன்றையும் அவர் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

ஆனால் குருவைப் போல அவர் ஒரு காரியத்தைச் செய்ய மாட்டார். உங்களுக்காக முடிவெடுக்க மாட்டார். தேர்வை விட்டுவிட்டுத் தனியார் வேலைக்குப் போகலாமா, கணவனை விட்டுப் பிரியலாமா, சொத்தை எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டால் அவரிடமிருந்து பதில் வராது. உங்களை முக்கால் மணி நேரம் பார்த்தவர் அவர். அந்த முடிவோடு நாற்பது வருடம் வாழப்போவது நீங்கள்.

முடிவெடுக்க மாட்டார் என்றால் வேறு என்னதான் செய்வார்? மனச்சோர்வில் இருக்கிற நம் தம்பிக்கு என்ன நடக்கக்கூடும் என்று பார்ப்போம். இரண்டாம் வாரம் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டைக் கொடுத்து, காலையிலிருந்து இரவு வரை எந்த நேரத்தில் என்ன செய்தார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று எழுதி வரச் சொல்வார். மூன்றாம் வாரம் அந்த நோட்டை இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். முன்பு சாயங்காலம் மைதானத்தில் வாலிபால் ஆடுவார். படிக்கிற பையனுக்கு விளையாட்டு எதற்கு என்று நிறுத்திவிட்டார். நண்பர்களோடு டீக்கடையில் நிற்பதையும் நிறுத்திவிட்டார். சோர்வு வந்ததால் ஒதுங்கினார்; ஒதுங்கியதால் நாளில் நல்லது என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை; அதனால் சோர்வு இன்னும் கூடியது. இந்தச் சுழலை அவருடைய சொந்தக் கையெழுத்திலேயே அவர் பார்க்கிறார். "மனசு சரியான பிறகு போறேன்" என்பார். "மனசு சரியில்லாமலேயே செவ்வாய்க்கிழமை ஒரு நாள் அரைமணி நேரம் போய்ப் பாருங்க, எப்படி இருந்துச்சுன்னு எழுதிக்கிட்டு வாங்க" என்பார் உளவியலாளர்.

கேட்க எளிதாகத் தோன்றும். இதே அடிப்படையில் அமைந்த ஒரு சிகிச்சையைக் கோவாவில் சங்காத் என்ற அமைப்பினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்து பார்த்தார்கள். கடுமையான மனச்சோர்வுள்ள ஏறத்தாழ 500 பேரை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு அது. சிகிச்சை கொடுத்தவர்கள் உளவியல் பட்டம் பெற்றவர்கள் இல்லை. பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் பெற்ற சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட இவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் 2017இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். நம் நாட்டு மண்ணில், நம் நாட்டு மக்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இதை எங்கே போனாலும் சொல்கிறேன்.

இன்னொரு வேலை எண்ணங்களோடு. பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் கவனித்த ஒன்று உண்டு. மனச்சோர்வில் இருப்பவர்கள் மனதில், அவர்களே கேட்காமல், சில வாக்கியங்கள் தாமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அவர்கள் ஆராய்ந்து பார்ப்பதே இல்லை, அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் தம்பிக்கு அந்த வாக்கியம் "நான் வீட்டுக்குப் பாரம்" என்று இருக்கலாம். அம்மா தட்டை ஓசையோடு வைத்தாலும் அதுதான் அர்த்தம், அப்பா பேசாமல் டி.வி. பார்த்தாலும் அதுதான் அர்த்தம். "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று சொல்வது சித்தப்பாவின் வழி. உளவியலாளர் அந்த வாக்கியத்தை எடுத்து எதிரே வைக்கிறார்: இது உண்மை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், இதற்கு மாறாக ஏதாவது நடந்ததா, அம்மாவுக்கு அன்று வேறு காரணம் இருந்திருக்குமா? விடையை அவரே கண்டுபிடிக்க வேண்டும். சில நேரம் விடை கசப்பாகவும் இருக்கும். வீட்டில் உண்மையிலேயே பணக்கஷ்டம் இருக்கும். அப்போது அந்தக் கஷ்டத்துக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு திரும்பும். எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி வேலையின்மையை மூடி மறைப்பது சிகிச்சை ஆகாது.

வேறு வழிமுறைகளும் இருக்கின்றன. சிறுவயது உறவுகளிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு, கேட்பதையே முதன்மையாகக் கொள்கிறவர்கள் உண்டு. பெயர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். "நாம எந்த வழியில போகப்போறோம், ஏன்?" என்று கேட்டால் உங்களுக்குப் புரிகிற தமிழில் அவர் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை நாள் ஆகும் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. வழக்கமாக வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம். அமெரிக்காவில் கென்னத் ஹோவர்டும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது: எட்டாவது சந்திப்புக்குள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கும், 26ஆவதற்குள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிகிறது. அதாவது எட்டு வாரம் போயும் எதுவும் நகரவில்லை என்றால், வழியை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். ஒரே வாரத்தில் நகரவில்லை என்று விட்டுவிடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாம் மூன்றாம் சந்திப்புக்குப் பிறகு சிலருக்கு முன்பை விடக் கனமாக இருக்கும். பல வருடம் மூடி வைத்ததைத் திறந்தால் கனவு வரும், காரணமில்லாமல் கோபம் வரும், அன்று சாயங்காலம் உடம்பு அசந்துபோகும். உடைந்த கை கூடியபின் பயிற்சி செய்யும்போது வலிக்கிற மாதிரி. முடிந்தால் சந்திப்பு முடிந்த கையோடு ஆபீசுக்கு ஓடாமல் அரைமணி நேரம் எங்காவது உட்கார்ந்துவிட்டுப் போங்கள். ஆனால் எல்லாக் கனமும் நல்லதற்கே என்று நான் சொல்லவில்லை. பேச்சு சிகிச்சையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை முன்பை விட மோசமாகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டுக்கொண்டே போகிறது, சாவு எண்ணம் கூடுகிறது என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். நம் மக்கள் மருத்துவரிடம் எதையும் மறுத்துப் பேச மாட்டார்கள். "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வருவோம். பிடிக்கவில்லை என்றால் போவதை நிறுத்திவிடுவோம். காய்ச்சலுக்கு அது செல்லலாம். இந்தச் சிகிச்சைக்கு அது செல்லாது, ஏனென்றால் இங்கே இருவருக்கும் இடையில் நடக்கிற பேச்சுதான் மருந்து. பேச்சில் பொய்யான "சரிங்க" கலந்தால் மருந்தே கெட்டுவிடுகிறது.

இந்தச் சிகிச்சை உருவான இடத்திலேயே நோயாளியின் குரல் இருக்கிறது. வியன்னாவில் 1880 முதல் 1882 வரை யோசப் பிராய்யர் என்ற மருத்துவர் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண்ணுக்குச் சிகிச்சை செய்தார். ஒவ்வொரு தொல்லையும் எப்படித் தொடங்கியது என்று வாய்விட்டுச் சொன்னால் இளகுகிறது என்பதை அந்தப் பெண்தான் மருத்துவருக்குக் காட்டினார்; மருத்துவர் அவர் வழியில் போனார். பிராய்யரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் வெளியிட்ட புத்தகத்தில் அவரை வேறு பெயரில் எழுதினார்கள். புத்தகத்தில் இருப்பதுபோல் அவர் அப்படியே குணமாகிவிடவில்லை. பிறகும் சில முறை மருத்துவ விடுதிகளில் இருக்க நேர்ந்தது. பிற்காலத்தில் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான பெரிய அமைப்பொன்றை 1904இல் தொடங்கி நடத்தியவர் அதே பெர்த்தாதான்.

நம் காலத்தில் நியூயார்க்கில் ஜெரமி சாஃப்ரன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், சிகிச்சைக்குள் ஏற்படும் மனக்கசப்புகளையே ஆராய்ந்தார்கள். உளவியலாளர் ஏதோ சொல்கிறார், வந்தவர் மனம் சுருங்குகிறது. அது பேசப்படாவிட்டால் வந்தவர் நின்றுவிடுகிறார். எடுத்துப் பேசிச் சரிசெய்துகொண்டால் நல்ல பலன் கிடைக்கிறது. வீட்டிலும் வேலையிடத்திலும் மனக்கசப்பைச் சொல்லத் தெரியாமல் திணறுகிறவர், சொல்லியும் உறவு முறியாது என்பதை அந்த அறையில் முதல்முறையாகப் பார்க்கிறார்.

ஆகவே இந்த வாக்கியங்களை உங்கள் கையில் கொடுக்கிறேன். "மேடம், போன வாரம் நீங்க சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு." "சார், நீங்க கொடுத்த நோட்டு வேலையை நான் செய்யலை, செய்யப் பிடிக்கலை." "இதுல எனக்கு என்ன பிரயோஜனம்னு புரியலை." "என் சாதியைப் பத்தி, என் வீட்டைப் பத்தி நீங்க அப்படிக் கேட்டது எனக்குப் பிடிக்கலை." இவற்றில் எதையும் சொல்லலாம். நல்ல உளவியலாளர் முகம் சுளிக்க மாட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு "சொன்னது நல்லதாப் போச்சு, இன்னும் சொல்லுங்க" என்பார். அதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். சொல்லிப் பார்த்தும் அவர் எரிந்து விழுந்தாலோ, உங்கள் மேலேயே பழியைத் திருப்பினாலோ, அவரை விட்டு வேறொருவரிடம் போங்கள். ஒருவர் ஒத்துவரவில்லை என்பதால் சிகிச்சையே ஒத்துவராது என்று ஆகிவிடாது.

சிலரை விட்டு உடனே விலக வேண்டும். மூன்று சிட்டிங்கில் குணம் என்று உறுதி கொடுப்பவர், தொடுபவர், தனிப்பட்ட முறையில் பழக அழைப்பவர், கடன் கேட்பவர், தன் மதத்துக்கோ தன் குருவிடமோ இழுப்பவர், மனநல மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்பவர். யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு மாட்டிக்கொள்ளும் நிலை இங்கே நீண்ட நாளாக இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். எங்கே படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மற்ற ஆலோசகர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர 2021இல் ஒரு தேசியச் சட்டம் வந்திருக்கிறது. மாத்திரை எழுத வேண்டியது மருத்துவர்தான், உளவியலாளர் இல்லை. சிலருக்குப் பேச்சு போதும், சிலருக்கு மாத்திரை வேண்டும், பலருக்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது. காதில் குரல் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமல் அளவுமீறிய வேகத்தில் இருப்பது போன்றவற்றுக்கு மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது.

செலவு பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தனியாரிடம் ஒரு சந்திப்புக்குச் சில நூறு ரூபாயும் ஆகும், சில ஆயிரமும் ஆகும். போனிலேயே கேட்டுவிடலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கட்டணம் இல்லை. அங்கே ஓ.பி. சீட்டு வாங்கி முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பீர்கள், அவர் உளவியலாளரிடம் அனுப்புவார். கூட்டமான நாளில் இருபது நிமிடம்தான் கிடைக்கும், அறைக் கதவும் அடிக்கடி திறக்கப்படும். கூட்டம் குறைவான நாளும் நேரமும் எது என்று அங்கேயே கேட்டு அதற்கேற்ப வாருங்கள். நேரில் போகாமல் போனிலேயே உளவியலாளரிடம் பேசுவதாக இருந்தால் வீட்டில் தனியிடம் கிடைக்காதே என்பார்கள். மொட்டை மாடியிலிருந்தும், நிறுத்தி வைத்த காரிலிருந்தும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அது போதும். சின்ன ஊரில் பஸ் ஸ்டாண்டில் உங்கள் உளவியலாளர் எதிரே வந்தால், நீங்கள் வணக்கம் சொல்லும்வரை அவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். உங்களை மதிக்காமல் இல்லை, பக்கத்தில் நிற்பவர் "இவரை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. இரவு நேரத்தில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது.

கூட்டம் தொடங்கும் முன் ஓர் அன்பர் சீட்டில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார். "வீட்டில் நிம்மதி இல்லை. மனைவியை கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டால் எனக்கென்ன பைத்தியமா என்கிறாள். அவள் வராமல் நான் மட்டும் போய் என்ன பயன்?" ஐயா, நீங்கள் மட்டும் போகலாம். அவரைப் பற்றிப் புகார் சொல்வதற்காகப் போகிறோம் என்று நினைக்காமல், இந்த வீட்டில் உங்களுக்கு என்ன ஆகிறது என்று சொல்லப் போங்கள். தூக்கமில்லையா, கோபம் கையை மீறுகிறதா, பிள்ளைகள் முன்னால் கத்திவிட்டுப் பிறகு நொந்துகொள்கிறீர்களா, அதிலிருந்து தொடங்கலாம். அவரை வற்புறுத்தி இழுத்து வர வேண்டாம். அவராக வர விரும்பினால் அப்போது யோசிக்கலாம். முதல் நாள் முடிந்து வெளியே வரும்போது "ஒன்றும் சொல்லவில்லையே" என்று உங்களுக்கும் தோன்றும். அந்த எண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய், அடுத்த வாரம் அவரிடமே சொல்லுங்கள்.